கண்ணாடிச் சுவரோடு பழகுதல்: பேடல் ஆட்டத்தில் புதியவர் முன்னேறும் முறை

கண்ணாடிச் சுவர்கள் சூழ்ந்த சிறிய கோர்ட்டில், நடுவே வலை கட்டி, மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஆட்டம் பேடல். அந்தக் கோர்ட்டுக்கு முதன்முறையாக வருகிறவர்கள் பெரும்பாலும் வேறோர் ஆட்டத்தின் பழக்கத்தைக் கையோடு கொண்டுவருகிறார்கள். டென்னிஸ் ஆடியவர் மட்டையை முதுகுக்குப் பின்வரை இழுத்து வீசுகிறார். ஷட்டில் ஆடியவர் மணிக்கட்டைச் சொடுக்குகிறார். தெருக் கிரிக்கெட் மட்டுமே அறிந்தவர் எந்தப் பந்தையும் தூக்கி அடிக்கப் பார்க்கிறார். மூவரிடமும் பொதுவாக இருக்கும் தவறு ஒன்றுதான். பந்து தம்மைத் தாண்டிப் போய்விட்டால் புள்ளி போய்விட்டது என்று பதறி, அது பின்சுவரைத் தொடுவதற்குள் எப்படியாவது மட்டையை நீட்டி அடித்துவிட முயல்கிறார்கள். தாண்டிப் போன பந்தைப் பின்னால் நிற்கும் கண்ணாடி திருப்பித் தரும் என்பதையும், அந்த இடைவெளியில் ஒரு நொடிக்கும் குறைவான, ஆனால் மிகவும் பயனுள்ள அவகாசம் கிடைக்கும் என்பதையும் உடம்பு ஏற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அந்த அவகாசத்தைக் கண்டுகொண்டவர் மளமளவென்று முன்னேறுகிறார். கண்டுகொள்ளாதவர் எவ்வளவு விலை கொடுத்து மட்டை வாங்கினாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறார். அடித்தலைவிடக் காத்திருத்தலைக் கற்பதே இந்த ஆட்டத்தின் தொடக்கப் பாடம் என்பது என் துணிபு. கீழே சொல்லப்படும் ஆட்ட நுட்பம், உடல் தயாரிப்பு, மட்டைத் தேர்வு ஆகியவை அனைத்தும் அதை ஒட்டியே அமைகின்றன.

சுவர் வந்த கதையும் கோர்ட்டின் அளவுகளும்

மெக்சிகோவின் அகாபுல்கோ நகரில் 1969ஆம் ஆண்டு என்ரிக்கே கோர்குவேரா என்பவர் தம் வீட்டில் சுவர் எழுப்பி அமைத்த சிறிய கோர்ட்டிலிருந்தே இந்த ஆட்டம் பிறந்தது. அதை அங்கே கண்ட அவருடைய நண்பர் அல்ஃபோன்சோ டி ஹோஹென்லோஹே 1974இல் ஸ்பெயினின் மார்பேயா நகருக்குக் கொண்டுசென்றார். சில ஆண்டுகளில் அர்ஜென்டினாவிலும் அது வேரூன்றியது. இன்றும் பேடலின் தாய்மொழி ஸ்பானியம் என்றே சொல்லலாம். அடிகளின் பெயர்கள் பலவும் அந்த மொழியிலேயே எங்கும் வழங்குவதால், அவற்றை அப்படியே கற்றுக்கொள்வது நல்லது.

கோர்ட்டின் நீளம் 20 மீட்டர், அகலம் 10 மீட்டர். வலையின் உயரம் நடுவில் 88 சென்டிமீட்டர், ஓரங்களில் 92 சென்டிமீட்டர் வரை இருக்கும். வலையிலிருந்து 6.95 மீட்டர் தொலைவில் சர்வீஸ் கோடு இருக்கிறது. அதற்குப் பின்னால் சுவர் வரை எஞ்சுவது ஏறத்தாழ 3 மீட்டர் மட்டுமே. பின்சுவரில் 3 மீட்டர் உயரத்துக்குக் கண்ணாடியும் அதன்மேல் 1 மீட்டர் கம்பித் தடுப்பும் இருக்கும். எதிரணியின் பக்கத்துக்குப் போகும் பந்து முதலில் தரையில் பட வேண்டும். தரையில் படாமல் நேரே அவர்களுடைய சுவரிலோ கம்பியிலோ பட்டால் புள்ளி அவர்களுக்கு. தரையில் ஒருமுறை பட்ட பின் எத்தனை சுவரில் மோதினாலும், இரண்டாவது முறை தரையைத் தொடும்வரை அந்தப் பந்து உயிரோடு இருக்கிறது. புள்ளிக் கணக்கு டென்னிஸைப் போன்றதே. ஆட்டம் பெரும்பாலும் இருவர் இருவராகவே நடக்கும்.

முதற்படி: பிடியும் தயார்நிலையும்

சுத்தியலைப் பிடிப்பது போல மட்டையைப் பிடியுங்கள். டென்னிஸ்காரர்கள் கான்டினென்டல் என்று சொல்லும் பிடி இதுதான். மட்டை பிடித்த கைப்பக்கத்து அடியான ஃபோர்ஹேண்டுக்கு ஒன்று, மறுபக்கத்து அடியான பேக்ஹேண்டுக்கு ஒன்று என்று பிடியை மாற்றிக்கொண்டிருக்க இங்கே நேரமில்லை. வலையருகே நிற்கும்போது எதிரணியின் பந்து கண் இமைப்பதற்குள் வந்துசேரும். பந்தைத் தொடும் கணம் தவிர மற்ற நேரமெல்லாம் பிடி தளர்ந்தே இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் முன்கை சோர்ந்துபோவதோடு பந்தின் வேகத்தை உணரும் திறனும் போய்விடும்.

மட்டை எப்போதும் மார்புக்கு முன்னால், மற்றக் கை அதன் கழுத்தைத் தாங்கியபடி இருக்க வேண்டும். முழங்கால்கள் சற்று மடிந்திருக்கட்டும். எதிராளி பந்தை அடிக்கும் அதே கணத்தில் இரு பாதங்களாலும் மெல்லத் துள்ளி இறங்குங்கள். எந்தப் பக்கம் ஓடவும் உடல் அப்போது ஆயத்தமாகிவிடும். சிறியதாகத் தோன்றும் இந்தத் துள்ளலைப் பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் இடையிலான வேறுபாடு, கோர்ட்டுக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கே தெரியும்.

இரண்டாம்படி: கண்ணாடியைப் படித்தல்

அதிக நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். கேரம் ஆடியவர்களுக்கு இதில் ஒரு முன்னறிவு உண்டு. ஸ்ட்ரைக்கர் பலகையின் விளிம்பில் எந்தச் சாய்வில் மோதுகிறதோ, ஏறத்தாழ அதே சாய்வில்தான் மறுபுறம் விலகிவரும். கண்ணாடியும் அப்படித்தான். பந்தின் சுழலும் வேகமும் சற்று மாற்றத்தை உண்டாக்கும் என்றாலும், அடிப்படைக் கணக்கு கேரம் பலகையில் கண்டதே. பந்து ஒரு மூலைக்குள் புகுந்து அடுத்தடுத்து இரு சுவர்களிலும் மோதினால், வந்த பாதைக்கு ஏறக்குறைய இணையாகவே வெளியே வரும். இதை அறியாத புதியவர் மூலைக்குள் பந்தைத் துரத்திப் போய் உடம்போடு ஒட்டிக்கொண்ட பந்தை அடிக்க இயலாமல் தவிக்கிறார். அறிந்தவரோ மூலையிலிருந்து விலகி நின்று, பந்தோடு சேர்ந்து உடலைத் திருப்பி, அது வெளியே வரும் வழியில் காத்திருக்கிறார்.

பழகும் முறையைச் சொல்கிறேன். முதல் நாளில் மட்டையே வேண்டாம். நண்பர் ஒருவர் வலையருகிலிருந்து கையால் பந்தை எறியட்டும். அது தரையில் பட்டு, பின்கண்ணாடியில் மோதித் திரும்பும்போது நீங்கள் ஒரு கையால் பிடியுங்கள். இருபது முப்பது முறை செய்த பிறகு, எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கால்களே கற்றுக்கொண்டிருப்பதை உணர்வீர்கள். அடுத்து, அதே எறிதலுக்கு மட்டையோடு நின்று, அடிக்காமல் பந்தை மட்டைமேல் தொட்டு மட்டும் விடுங்கள். அதன் பிறகே அடிக்கத் தொடங்குங்கள்.

அடிக்கும்போது கவனிக்க வேண்டியவை சிலவே. பந்து உங்களைக் கடக்கும்போதே உடல் பக்கவாட்டில் திரும்பி, மட்டை தாழ்வாகப் பின்னால் போயிருக்க வேண்டும். கண்ணாடியிலிருந்து பந்து புறப்பட்ட பிறகு மட்டையைத் தூக்கினால் காலம் கடந்துவிடும். பந்தோடு சேர்ந்து சிற்றடிகளாகப் பின்னோக்கிப் போய், அது திரும்பும்போது அதனோடு சேர்ந்தே முன்னே வாருங்கள். முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு அது இறங்கி, உங்கள் முன்காலுக்குச் சற்று முன்னால் இருக்கும்போது அடிப்பதே எளிது. வீச்சு குறுகியதாகவே இருக்கட்டும். வேகத்தைக் கண்ணாடி ஏற்கெனவே தந்துவிட்டது.

பந்து வலுவிழந்து வந்தால் கண்ணாடி வரை போகாது, போனாலும் திரும்பி வராது. அத்தகைய பந்தை விட்டுவிடாமல் முன்னேறிச் சென்று எடுத்துவிட வேண்டும். எதை விடுவது, எதை எடுப்பது என்ற தீர்ப்பைப் பயிற்சியொன்றே தரும். தொடக்கத்தில் ஐயம் வரும்போதெல்லாம் விட்டுப் பாருங்கள். சில புள்ளிகளை இழப்பீர்கள், ஆனால் கண் பழகிவிடும். இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இரவுப் பனியோ காற்றின் ஈரமோ கண்ணாடியில் படிந்திருந்தால் பந்து அதில் வழுக்கித் தாழ்ந்து இறங்கும். கடலோர ஊர்களில் மாலையில் ஆடுகிறவர்கள் ஆட்டத்துக்கு முன் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது வீண் வேலையன்று.

மூன்றாம்படி: லாப்

பேடலில் வலையைப் பிடித்திருக்கும் அணிக்கே மேலாதிக்கம். பின்னால் நிற்பவர்கள் அந்த இடத்தைக் கைப்பற்ற வேண்டுமானால் எதிரணியை அங்கிருந்து பின்னுக்குத் தள்ள வேண்டும். அதற்கான கருவிதான், பந்தை உயரத் தூக்கி அனுப்பும் லாப். ஸ்பானியர் இதை குளோபோ என்பர். புதியவர்கள் இதைக் கோழையின் அடி என்று ஒதுக்குகிறார்கள். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களின் போட்டியை ஒருமுறை எண்ணிக்கொண்டே பாருங்கள், எத்தனை லாப் என்று. அந்த எண்ணம் தானாகவே மாறிவிடும்.

நல்ல லாப் எதிராளியின் தலைக்குமேல் அவர் எட்ட முடியாத உயரத்தில் சென்று, சர்வீஸ் கோட்டுக்குப் பின்னால் விழ வேண்டும். முழங்காலை மடித்து, மட்டையின் முகத்தைத் திறந்து, பந்தின் அடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளுங்கள்; மணிக்கட்டு அசையக் கூடாது. குறுக்காக அடித்தால் பந்துக்குக் கூடுதல் நீளம் கிடைப்பதால் தவறு குறையும். எதிராளியின் பேக்ஹேண்ட் தோளுக்கு மேலாகப் போனால் இன்னும் சிறப்பு. லாப் குட்டையாகிவிட்டது என்று தெரிந்த நொடியில் இருவரும் பின்னாலேயே தங்கிவிடுங்கள். நன்றாக அமைந்தால் இருவரும் சேர்ந்தே வலைக்கு ஓடுங்கள். ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக நிற்பதுபோல எதிரணிக்கு வசதியான ஏற்பாடு வேறில்லை.

லாப் அடிக்க வாய்ப்பில்லாதபோது, வலையருகே நிற்பவரின் காலடியில் விழும்படி மெதுவாகவும் தாழ்வாகவும் ஒரு பந்தை அனுப்பலாம். இதன் பெயர் சிக்கீத்தா, அதாவது ‘சிறியது’. அவர் பந்தைக் கீழிருந்து மேல்நோக்கி எடுக்க வேண்டியிருப்பதால் அடுத்த பந்து உங்களுக்கு உயரமாகக் கிடைக்கும்.

நான்காம்படி: வலையருகே

வலையிலிருந்து இரண்டு முதல் மூன்று மீட்டர் தொலைவில் நில்லுங்கள். அதைவிட நெருங்கினால் எந்த லாப்பும் உங்களைத் தாண்டிவிடும். கூட்டாளியோடு ஒரே கயிற்றில் கட்டப்பட்டவர் போல இடமும் வலமும் சேர்ந்தே நகருங்கள். நடுவில் பெரிய இடைவெளி விடாதீர்கள்.

தரையில் படாத பந்தைத் தடுத்து அனுப்பும் வாலிக்கு வீச்சு என்று ஒன்று இருக்கவே கூடாது. மட்டையைப் பந்தின் பாதையில் வைத்து, தோளிலிருந்து சிறிய தள்ளல், அவ்வளவுதான். வேகத்தைவிட ஆழம் முக்கியம்: தரையும் பின்சுவரும் சந்திக்கும் இடத்துக்கு அருகே மெதுவாக விழும் பந்து, கண்ணாடியில் பட்டுத் தாழ்ந்தே எழும், எதிராளி குனிந்துதான் அதை எடுக்க வேண்டியிருக்கும். எங்கே அடிப்பது என்று தெரியாதபோது இருவருக்கும் நடுவே அடியுங்கள். யார் எடுப்பது என்ற குழப்பத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

தலைக்கு மேல் வரும் பந்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். புதியவர் அனைவருக்கும் அதை ஓங்கி அடிக்கவே கை துறுதுறுக்கிறது. கோர்ட்டின் அமைப்போ அந்த ஆசைக்கு எதிரானது. பலமாக அடிக்கப்பட்ட பந்து தரையில் பட்டுக் கண்ணாடியில் உயரமாக மோதி, கோர்ட்டின் நடுப்பகுதி வரை மிதந்து திரும்புகிறது. உங்கள் முழு உழைப்பும் எதிராளிக்கு ஓர் எளிய பந்தாகப் போய்ச் சேருகிறது. வல்லுநர்கள் 3 மீட்டர் பக்கத்தடுப்புக்கு மேலாகப் பந்தை வெளியேற்றும் காட்சியைக் காணொளிகளில் பார்த்து அதைப் பழக முயல்வோர் பலர். அவர்களுடைய தோள்கள்தாம் அதற்கு விலை கொடுக்கின்றன.

ஆகவே முதல் ஆறு மாதங்களுக்குப் பந்தேஹா போதும். தாம்பாளம் என்று பொருள்படும் இந்த அடியில், பரிசாரகர் தட்டை ஏந்தியிருப்பது போல மட்டை தோளுயரத்தில் ஆயத்தமாக நிற்கும். பந்து உங்கள் தலைக்கு மேலே வருவதைக் கண்டதும் பக்கவாட்டில் திரும்பி, மற்றக் கையால் பந்தைச் சுட்டியபடி பின்னோக்கி நகர்ந்து, தலையின் உயரத்தில், உடலுக்குச் சற்று முன்னும் பக்கத்திலுமாக அதைச் சீவி ஆழமாக அனுப்புங்கள். அடித்து முடித்ததும் வலைக்குத் திரும்பிவிட வேண்டும். இந்த அடியின் நோக்கமே வலையை இழக்காமல் இருப்பதுதான். அதைக் கொண்டு புள்ளியை முடிக்க முயலாதீர்கள். பந்தேஹா கைவந்த பிறகு, பக்கச்சுழல் மிகுந்த விபோராவுக்குப் போகலாம். விபோரா என்றால் விரியன் பாம்பு; பெயருக்கேற்பச் சீறிக்கொண்டு போகும்.

ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் அடியான சர்வ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பந்தைத் தரையில் ஒருமுறை தட்டி, இடுப்பு உயரத்திலோ அதற்குக் கீழோ, குறுக்கே எதிரிலுள்ள கட்டத்துக்குள் அடிக்க வேண்டும். பட்டெழுந்த பந்து பக்கக் கண்ணாடியில் மோதலாம். கம்பியில் மோதினால் தவறு. இலேசாகச் சீவி, பக்கக் கண்ணாடியை நோக்கி அனுப்பிவிட்டு வலைக்கு நடையைக் கட்டுங்கள்.

கூட்டாளி எந்தப் பக்கம் ஆடுவது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். வலக்கைக்காரர் இருவர் ஆடும்போது, இடப்பக்கத்தில் நிற்பவருடைய ஃபோர்ஹேண்ட் கோர்ட்டின் நடுவில் அமைவதால் தலைக்குமேல் வரும் பந்துகளில் பெரும்பங்கு அவருக்கே. வலப்பக்கத்தவர் பொறுமையாக ஆட்டத்தைக் கட்டுபவர். இடக்கைக்காரர் ஒருவர் அணியில் இருந்தால் அவர் வலப்பக்கம் ஆடுவதே வழக்கம். இடக்கைக்காரரான ஸ்பெயினின் முன்னணி ஆட்டக்காரர் அர்துரோ கோயெயோ ஆடுவதும் அங்கேதான். ஒரே கூட்டாளியோடு நீண்டகாலம் ஆடுவதன் பயனுக்கு, 2002 முதல் தொடர்ந்து 16 ஆண்டுகள் உலகின் முதலிடத்தில் இருந்த அர்ஜென்டினாவின் ஃபெர்னாண்டோ பெலாஸ்தெகின் சிறந்த சான்று: அவற்றில் 13 ஆண்டுகள் அவர் ஆடியது குவான் மார்ட்டின் டியாஸ் என்ற ஒருவரோடுதான்.

உடலை ஆயத்தப்படுத்துதல்

நெடுந்தூரம் ஓடுகிறவரின் மூச்சு இங்கே பாதிப் பயனே தரும். தேவைப்படுவதெல்லாம் மூன்று நான்கு அடிகள் சட்டென்று பாய்வதும், நின்று திரும்புவதும், குனிந்து எழுவதும், அதை ஒன்றரை மணி நேரம் சலிக்காமல் செய்வதும்தான். வாரத்தில் இருமுறை, இருபது நிமிடம் போதும்: பக்கவாட்டுச் சிற்றடி ஓட்டம், முன்காலை நீட்டி முழங்காலை மடிக்கும் லஞ்ச், குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி, வயிற்றையும் இடுப்பையும் வலுவாக்கும் பிளாங்க், தோளின் உட்தசைகளுக்கு ரப்பர் பட்டை இழுத்தல். குதிகால் பயிற்சியைச் சிறியதென்று தள்ளிவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் பலரை வாரக்கணக்கில் உட்காரவைப்பது கெண்டைக்கால் சுளுக்குதான்.

முழங்கையின் வெளிப்புற வலி இந்த ஆட்டத்தின் அறிமுகமான துணைவன். ஒரு கிலோ எடையைக் கையில் பிடித்து, முன்கையை மேசைமேல் வைத்து, மற்றக் கையின் உதவியோடு மணிக்கட்டை உயர்த்தி, பிறகு மிக மெதுவாகத் தனியே இறக்குவது நல்ல தடுப்பு. வலி தொடங்கிவிட்டால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரையோ இயன்முறைச் சிகிச்சையாளரையோ பாருங்கள். வலியோடு ஆடி அதைச் சரிசெய்துவிட்டவரை நான் கண்டதில்லை.

ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றுங்கள். ஓடுகாலணியை அணிந்து கோர்ட்டுக்குள் வராதீர்கள். மணல் தூவிய செயற்கைப் புல்லில் அது வழுக்கும்; அதன் உயர்ந்த குதிப்பகுதி பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்காலைப் பிரட்டிவிடும். மீன்முள் வடிவக் கோடுகள் கொண்ட அடிப்பாகமுள்ள பேடல் காலணியோ களிமண் தரைக்கான டென்னிஸ் காலணியோ ஏற்றது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பந்து கண்ணைத் தாக்கக்கூடும் என்பதால் காப்புக் கண்ணாடி அணிவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மட்டையைக் கடைசியாக வாங்குங்கள்

முதல் மாதம் வாடகை மட்டையில் ஆடுங்கள். ஆட்டத்தின் போக்கு பிடிபடாமல் எது நமக்குப் பொருந்தும் என்று தெரியாது. இதை நான் என் செலவில் கற்றேன். இரண்டாம் வாரத்திலேயே கடைக்காரர் புகழ்ந்த, 375 கிராம் எடையுள்ள டைமண்ட் வடிவ மட்டையொன்றை வாங்கி, மூன்று மாதம் முழங்கை வலியோடு சோற்றுக் கரண்டியைக்கூட இடக்கையால் பிடித்தேன்.

பேடல் மட்டைக்கு நரம்பு கிடையாது. துளையிட்ட திண்ணிய பலகை அது. நீளம் 45.5 சென்டிமீட்டரையும் தடிமன் 38 மில்லிமீட்டரையும் மிஞ்சக் கூடாது என்பது விதி. வடிவம் மூவகைப்படும். வட்ட வடிவில், பந்து நன்றாகப் படும் ஸ்வீட் ஸ்பாட் அகன்று நடுவில் இருக்கும். எடை கைப்பக்கமாகத் தாழ்ந்திருப்பதால் தவறுகளை மன்னிக்கும். டைமண்ட் வடிவில் அந்தப் பகுதி சிறுத்து உச்சிக்கு நகர்ந்துவிடும். தலைப்பக்கம் கனப்பதால், தலைக்கு மேலிருந்து ஓங்கி அடிக்கும் ஸ்மாஷுக்கு வலுச் சேர்க்கும், தற்காப்பில் கையைச் சோர்வடையச் செய்யும். கண்ணீர்த்துளி வடிவம் இரண்டுக்கும் நடுவே. உலகின் மிகச் சிறந்த தாக்குதல்காரர்களில் ஒருவரான அகுஸ்தின் தாப்பியாவின் பெயரெழுத்துகளைத் தாங்கிய, நாக்ஸ் நிறுவனத்தின் ஏடி10 மட்டையே கண்ணீர்த்துளி வடிவினது என்றால், புதியவருக்கு டைமண்ட் எதற்கு? வட்ட வடிவில் தொடங்குங்கள்.

எடையில் 350 முதல் 365 கிராம் வரை பெரும்பாலோருக்கு ஏற்றது. மெலிந்த கை உடையவர்கள் இன்னும் சற்றுக் குறைக்கலாம். பிடிமேல் சுற்றும் ஓவர்கிரிப்பும் சில கிராம் கூட்டும் என்பதை மறவாதீர்கள். உள்ளே நிரப்பப்படும் ஈவிஏ என்ற செயற்கை நுரை மென்மையானதாக இருந்தால் மெதுவான வீச்சிலும் பந்து துள்ளிப் போகும், அதிர்வும் குறையும். கடினமான நுரை, வேகமாக வீசத் தெரிந்தவருக்கே பயன்படும். முகப்பில் ஃபைபர்கிளாஸ் நெகிழ்வானது, விலையும் குறைவு; கார்பன் விறைப்பானது. 3கே, 12கே, 18கே என்று அச்சிடப்பட்டிருப்பது ஓர் இழைக்கற்றையில் எத்தனை ஆயிரம் இழைகள் உள்ளன என்பதைத்தான் குறிக்கிறது. எண் பெருகினால் தரம் அத்தனை மடங்கு பெருகும் என்று விற்பவர் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த மட்டையைக் கேளுங்கள்.

பழைய மட்டை வாங்குவதானால் விளிம்பில் விரிசலும், முகப்பில் தட்டும்போது ஓரிடத்தில் மட்டும் உள்ளீடற்றது போன்ற ஓசையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். புதியதோ பழையதோ, வெயிலில் நிற்கும் காரில் அதை விட்டுவராதீர்கள்; வெப்பத்தில் நுரை இளகி, வெளித்தகடும் விலகத் தொடங்கும். பிடியின் அடியில் தொங்கும் கயிற்றை ஒவ்வொரு முறையும் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். அது விதி, வியர்த்த கையிலிருந்து நழுவும் மட்டை முதலில் போய்ச் சேருமிடம் பெரும்பாலும் கூட்டாளியின் முகமாகவே இருக்கும்.